பின் சீட்டுக்கும் சேர்த்து

மூன்றாவது கம்பெனியிலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

“வண்டி எந்த வருஷத்து வண்டிம்மா?”

ரத்தினம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ராபின்சன் ரோட்டு வெயில் மண்டைக்குள் இறங்கியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் ஆறவில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தமிழ் ஆளாக இருந்ததே பெரிய பாக்கியம். முந்தின இரண்டு இடங்களிலும் சீனப் பெண்களிடம் கையை ஆட்டியும் தலையை ஆட்டியும் பேசி ஓய்ந்து வந்திருந்தாள்.

“முப்பத்தேழு” என்றாள்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழா?” அவன் பேனாவை மூடிவிட்டான். “நானே நாப்பதுலதான்ம்மா பொறந்தேன். இவ்ளோ ஓல்ட் பைக்கெல்லாம் நாங்க எடுக்கிறதில்லலா. மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு.”

“நல்லாத்தான் ஓடுது தம்பி.”

“ஓடும்மா. ஆனா மியூசியத்துல வைக்கிற வண்டிக்கு யாரு இன்சூரன்ஸ் கொடுப்பா?”

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். ரத்தினம்மாவுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வீட்டில் கால் வீங்கிப் படுத்துக்கிடக்கும் மனுஷர்மேல்தான் வந்தது. அவரையும் தாண்டி, செத்துப்போய் இருபது வருஷமான அவருடைய மூத்த சம்சாரம் லீலாமேல் வந்தது. எந்தக் கோபம் வந்தாலும் கடைசியில் அங்கே போய் நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வண்டி ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். நோரிஸ் ரோட்டு வீட்டின் ஐந்தடி நடைபாதையில், சாக்குப் படுதா போர்த்தி நிற்கும். அதற்கு இந்த மாதத்தோடு இன்சூரன்ஸ் முடிகிறது. இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி இந்தத் தடவை பழைய வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ரோடு டாக்ஸ் கட்ட முடியாது. ரோடு டாக்ஸ் இல்லாவிட்டால் வண்டி தெருவில் இறங்க முடியாது. ஏஜெண்ட் ஒலி முகம்மதும் கையை விரித்துவிட்டான். அவள் புருஷன் பரமசிவம் இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துவிட்டு வைத்தார். பிறகு சொன்னார்.

“ரத்தினம், நீ ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடேன்.”

இந்த ஊருக்கு அவள் கழுத்தை நீட்டி வந்து பதினைந்து வருஷம். அதில் ஒரு நாள்கூட அவர் அவளிடம் வெளிவேலை எதுவும் சொன்னதில்லை. முதன்முதலாக ஒன்றைக் கேட்டார், அதுவும் இந்த வண்டிக்காகக் கேட்டார். பெரிய டாக்டர் இதயம் வீங்கிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய ஆள். எழுந்து கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறார். அவருக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ்?

எதற்கு என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். லீலா உட்கார்ந்த வண்டி அல்லவா அது.

லீலா இந்த ஊரிலேயே பிறந்தவள். கான்வென்ட்டில் படித்தவள். கவுன் போட்ட வயதிலிருந்து பரமசிவத்தைத் தெரிந்தவள். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டியில் பின் சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து போவாளாம். சிராங்கூன் ரோட்டில் பால்காரன் வாளியை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பானாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போய்வருவார்களாம். ஜப்பான்காரன் வீடு வீடாக வண்டி தேடி வந்தபோது, பிரித்துப் போட்ட வண்டியின் கார்புரேட்டரை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு, பானைமேலேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். அடுத்த வருஷமே காய்ச்சல் வந்து, மருந்து கிடைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பூவம்மா சொன்னது. ரத்தினம்மா கப்பலைவிட்டு இறங்கி, தலைச்சுற்றல்கூடத் தெளியாத வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பானைக் கதையை மட்டும் இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு நூறு தடவை கேட்டிருப்பாள். பானைமேல் உட்கார என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும்? ஜப்பான்காரன் வந்திருந்தால் அவளும்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் வந்த காலத்தில் ஜப்பான்காரன் இல்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்?

தீபாவளிக்குத் தீபாவளி எடுக்கிற சேலையை முதலில் கூடத்தில் மாட்டியிருந்த லீலாவின் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்க வேண்டும். பிறகுதான் ரத்தினம்மா உடுத்தலாம். மூத்தாளுக்கு வைக்காமல் இளையாள் உடுத்தினால் ஆகாது என்பதையும் பூவம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். படைத்த சேலையை உடுத்தும்போதெல்லாம் அவளுக்கு அடுத்தவள் கட்டிக் கழித்த சேலையை உடுத்துகிற மாதிரியே இருக்கும். வெளியில் சொன்னதில்லை. மனசுக்குள் வைத்து வைத்து எரிந்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பரமசிவம் வண்டியை வெளியே தள்ளி, பின் சீட்டைத் துணியால் இரண்டு தடவை துடைத்தார். “ஏறு ரத்தினம். கடக்கரைக்குப் போய்ட்டு வரலாம்” என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. பூவம்மா சன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

“அவ உக்காந்த எடத்துல நான் உக்கார மாட்டேன்.”

பரமசிவம் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் போனார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தனியாகத்தான் போனார். மறுபடி ஏறச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அவள் மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பாளா என்றால், மாட்டாள். கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருப்பாள். மூன்றாவது தடவைக்கு ஏறியிருப்பாள். அந்த இரண்டாவது தடவைதான் வரவே இல்லை.

ராபின்சன் ரோட்டிலிருந்து பஸ் பிடித்து, தேக்காவில் இறங்கி, டன்லப் ஸ்திரீட் வழியாக வீட்டுக்கு நடந்தாள். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்வதை நினைத்தபோது மனசில் ஒரு குளிர்ச்சிகூட வந்தது. அவள் பொய் சொல்லப் போவதில்லை. மூன்று கம்பெனி ஏறி இறங்கியிருக்கிறாள். ஊரில் ஒருவனும் எடுக்க மாட்டேன் என்கிறான். லீலாவின் வண்டி இனி படுதாவுக்குள்ளேயே கிடந்து துருப்பிடிக்கட்டும்.

“அக்கா, நில்லுங்க, நில்லுங்க. உங்க வீட்டுக்குத்தான் வர இருந்தேன்.”

ஒலி முகம்மதுதான். அத்தர்க் கடையின் ஓரத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை பார்ப்பவன். அவன் அப்பாவும் அதே மேசையில் அதே வேலை பார்த்தவர். அவளை உட்கார வைத்து, பக்கத்துக் கடையில் டீ சொன்னான்.

“அண்ணன் வண்டிக்கு ஒரு கம்பெனி கெடச்சிருச்சுக்கா. புதுசா வந்த கம்பெனி. பட்டறையில வண்டியப் பாத்து, பிரேக்கு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தா எடுத்துக்கறேன்னுட்டாங்க. நேத்துத்தான் பட்டறைக்காரரக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அண்ணன் தூங்கிட்டு இருந்தாரு, எழுப்பல.”

மனசிலிருந்த குளிர்ச்சி போய்விட்டது. “சரி, போடுங்க தம்பி” என்றாள் கடுகடுப்பாக.

அவன் எழுத ஆரம்பித்தான். அண்ணன் பேர், வண்டி நம்பர் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நடுவில் பேனாவை நிறுத்தினான்.

“பின் சீட்டுக்கும் சேத்துத்தானேக்கா?”

“அது என்ன பின் சீட்டுக்கு?”

“வண்டி மோதி ரோட்டுல போறவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனி பாத்துக்கும். அது கட்டாயம். பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுல வராது. அதுக்குத் தனியாக் கட்டணும். கட்டுறதும் கட்டாததும் நம்ம இஷ்டம். அண்ணன் வருஷா வருஷம் சேத்துத்தான் போடுவாரு.”

“வருஷா வருஷமா?”

“ஒரு வருஷம் விட்டதில்லக்கா.”

டீ வந்தது. ரத்தினம்மா அதைத் தொடவில்லை. பதினைந்து வருஷமாக அந்தப் பின் சீட்டில் ஒரு ஈ, காக்காய் உட்கார்ந்ததில்லை. தனியாகப் போகிறார், தனியாக வருகிறார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வருஷம் தவறாமல் கட்டியிருக்கிறார். செத்துப்போனவளுக்கு இன்சூரன்ஸ். கீழே விழுந்து அடிபட்டுவிடுவாளாம், பாவம். இங்கே உயிரோடு ஒருத்தி அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டு நின்றால், மஞ்சளை வை என்று சொல்லக்கூட அந்த மனுஷருக்கு வாய் வராது. அவளுக்குக் காது மடல் கொதித்தது.

“வேண்டாம்” என்றாள்.

“அக்கா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“நான்தானே வந்திருக்கேன். அதுல உக்கார ஆள் இல்ல. ஓட்டுறவருக்கு மட்டும் போடுங்க.”

ஒலி முகம்மது அவள் முகத்தைப் பார்த்தான். மற்றவர் வீட்டு விஷயத்தில் தலையை நுழைக்கிறவன் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தான். வெளியே வந்தபோது ரத்தினம்மாவுக்கு நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் லீலாவை அந்தச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள். அதை நினைத்து நினைத்து நோரிஸ் ரோடு வந்து சேர்ந்தாள்.

பரமசிவம் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மூச்சு காலையைவிட மேலே மேலே வாங்கியது. கதவு திறந்த சத்தத்துக்கே கண் விழித்தார்.

“கெடச்சுதா?”

“கெடச்சுது. ஒலி முகம்மது தம்பி முடிச்சுக் கொடுத்துச்சு. பிரேக்கெல்லாம் பாத்துட்டாங்களாம்.”

அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்றபோதுகூட அந்த முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. ஒரு காகிதத்துக்கு இத்தனை மலர்ச்சி.

“பின் சீட்டுக்கும் சேத்துத்தானே?”

கேட்டுவிட்டார். கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தாள்.

“இல்ல.”

“ஒலி முகம்மது கேக்கலையா?”

“கேட்டுச்சு. நான்தான் வேண்டாம்னேன். அதுல யாரு உக்காரப் போறா?”

பரமசிவம் அவளைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். லீலா என்ற பேரை அவர் ஒரு தடவை எடுக்கட்டும், பதினைந்து வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம் என்று நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சண்டையாவது போடட்டும் என்று ஆசையாகவே இருந்தது.

“அதுவும் சரிதான்” என்றார் அவர். “யாரு உக்காரப் போறா.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பார், அவளை இறக்கிவிட்டேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ரத்தினம்மா அடுப்படிக்குப் போய்ச் சட்டியைச் சட்டியின்மேல் வைக்காமல் போட்டாள். ரசத்துக்குப் புளி கரைத்தாள். மிளகைத் தட்டும்போது அது லீலாவின் மண்டை என்றே தட்டினாள். அவர் ரசம் விட்டுக் கரைத்துக் கொடுத்தால்தான் இரண்டு வாய் சாப்பிடுவார் என்பதால் சோற்றைக் குழைய வடித்தாள். கோபத்திலும் கை அதை மறக்கவில்லை. கிண்ணத்தில் கரைத்து, ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து, “எந்திரிங்க, சாப்பிட்டுட்டு அப்பறம் மொறைக்கலாம்” என்றாள்.

அவர் எழவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பினாள். தலை தானாகத் திரும்பி விழுந்தது.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பூவம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கப்பல் பட்டறையில் அவரோடு ஃபிட்டர் வேலை பார்த்தவர்கள், தேக்காக் கடைக்காரர்கள், தெருச் சீனர்கள்கூட வந்து ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பெண்கள் பரமசிவத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பூவம்மா ரத்தினம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“போயிட்டியே ராசா, மூத்தவ கூப்பிட்டுட்டாளா… தனியா இருக்க மாட்டேன்னாளா… கடக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னாளா…”

மற்றப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூத்தவள் கூப்பிட்டாள், மூத்தவள் வந்து வாசலில் நின்றாள், மூத்தவள் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள். ரத்தினம்மாவுக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. மேலே இந்நேரம் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. லீலா இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்திருப்பாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அங்கே ரோடு டாக்ஸ் கேட்பவனும் இல்லை, இன்சூரன்ஸ் கேட்பவனும் இல்லை. இஷ்டத்துக்குச் சுற்றுவார்கள். இவள் இங்கே கீழே ரசச் சோற்றுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“கண்ணுல ஒரு சொட்டு வரல பாரு, கல்லா சமைஞ்சுட்டா” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிக்குடம் தூக்க, இந்த ஊரில் அவருக்கு உறவு என்று இருந்த ஒரே ஆண் தங்கராஜுதான். லீலாவின் தம்பி. காத்தோங்கிலிருந்து விடிவதற்குள் வந்து, பந்தல், லாரி, பிடாடாரி இடுகாட்டில் குழி என்று எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தவன். நல்ல மனுஷன்தான். அக்காவுக்குப் பதிலாக வந்தவள் என்பதால் ரத்தினம்மாவையும் அக்கா என்றே கூப்பிடுவான். அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு, நான் உனக்கு அக்கா இல்லை, உன் அக்காவின் சீட்டு காலியானதால் வந்தவள் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். புருஷனுக்குக் கொள்ளிக்குடம் தூக்குகிறதும் லீலாவின் தம்பியாகத்தான் இருக்க வேண்டுமா என்று இப்போது தோன்றியது.

குளித்து ஈரத் துண்டோடு வந்தவன் அவளிடம் குனிந்து மெல்லக் கேட்டான்.

“அக்கா, இந்த நேரத்துல கேக்கறேன்னு நெனைக்காதீங்க. வெளிய ரெண்டு பேரு வண்டிய வெலைக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. வெளியாளுக்குப் போக வேண்டாம். எங்க அக்கா ஞாபகமா நான் கொண்டுபோய் வச்சுக்கறேன்.”

“எடுத்துட்டுப் போ” என்றாள் ரத்தினம்மா. “இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடு. இனிமே அது என் கண்ணுல படக் கூடாது.”

அவன் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மத்தியானம் சவத்தை எடுத்தார்கள். லாரி சிராங்கூன் ரோட்டில் திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். பிறகு வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். ரத்தினம்மாவைப் பின்கட்டுக் குழாயடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரச் சேலையோடு அவள் காற்றுக்காக வாசல் பக்கம் வந்தபோது, ஐந்தடியில் ஒலி முகம்மது தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

“மன்னிச்சுக்குங்கக்கா. தொழுகை முடிஞ்சு ஓடி வந்தேன், அதுக்குள்ள எடுத்துட்டாங்க.”

“பரவாயில்ல தம்பி.”

“நேத்துக் கொடுத்த பேப்பர் இனிமே செல்லாதுக்கா. அண்ணன் பேருல இருந்தது. நான் கம்பெனியில சொல்லிடறேன்.” அவனுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வண்டியைத் தடவிக்கொண்டே பேசினான். “அண்ணன நான் ரொம்பக் கேலி பண்ணுவேன்க்கா. அக்கா ஒரு நாளும் ஏறினதில்ல, எதுக்குப் பின் சீட்டுக்கு வீணா கட்டுறீங்கன்னு. ‘அவ எப்பவாச்சும் மனசு மாறி ஏறுவா. ஏறுற அன்னைக்கு அவளுக்கு ஒரு ஏற்பாடு இல்லாம இருக்கக் கூடாது. ஊரு விட்டு ஊரு என்னை நம்பி வந்தவ’ம்பாரு.”

ரத்தினம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயில் முதலில் வந்தது வேறு கேள்விதான்.

“அவளுக்கும் கட்டினாரா?”

“யாருக்கு?”

“லீலாவுக்கு.”

“ஒரு வருஷம்கூடக் கட்டலக்கா. அப்ப எங்க அத்தாதான் ஏஜெண்ட். அத்தா தலையில அடிச்சுக்குவாங்களாம், பின்னாடி பொஞ்சாதிய ஏத்திக்கிட்டுப் பறக்கறியே, அதுக்கும் சேத்துப் போடுப்பான்னு. நாங்க எங்க விழப் போறோம் பாய்னு ரெண்டு பேரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்களாம். நீங்க கப்பல்ல வந்த வருஷம்தான் முத முதல்ல அவராவே வந்து சேக்கச் சொன்னாரு. அத்தா ஆச்சரியப்பட்டு வீட்டுல வந்து சொன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அவன் இன்னும் ஏதோ சொன்னான். சலாம் சொல்லிவிட்டுப் போனான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இருவரும் சிரித்துவிட்டுப் போவார்கள் என்றானே, அந்தச் சிரிப்பு அவளுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அதற்கும் ஒரு மூலையில் எரியத்தான் செய்தது. ஆனால் எரிச்சலுக்கு மேலே வேறொன்று வந்து மோதியது. பின் சீட்டுக்கும் சேர்த்துத்தானே என்று கேட்டபோது அவர் லீலாவுக்காகக் கேட்கவில்லை. ரத்தினம்மாவுக்காகத்தான் கேட்டிருக்கிறார். பதினைந்து வருஷம் அவள் காத்திருந்த இரண்டாவது தடவை நேற்று மத்தியானம் வந்திருக்கிறது. யாரு உக்காரப் போறா என்று அவள்தான் சொல்லி அனுப்பிவிட்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. நிலையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் தங்கராஜு இடுகாட்டிலிருந்து திரும்பினான். குளித்துவிட்டு, வழக்கப்படி வீட்டுக்குள் எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து படுதாவை இழுத்தான்.

“தம்பி, அத விடு” என்றாள் ரத்தினம்மா.

“என்னக்கா?”

“வண்டி இங்கேயே இருக்கட்டும்.”

“காலையில எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்களேக்கா.”

“சொன்னேன். இப்ப இல்லேங்கறேன்.”

தங்கராஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஓட்டாம நின்னா வீணாப் போயிடும்க்கா. இனிமே இன்சூரன்ஸும் இல்ல. உங்களுக்கு இது எதுக்கு? எங்க அக்கா பொழங்கினதுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

“உங்க அக்கா படம் இருக்கு. கூடத்துல மாட்டியிருக்கு. அத எடுத்துக்க.”

உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பூவம்மா நிமிர்ந்து பார்த்தாள். ரத்தினம்மாவின் முகத்தில் தங்கராஜு என்னத்தைக் கண்டானோ, மேலே வாதாடவில்லை. ஆணியிலிருந்து படத்தை இறக்கி, ஈரத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு வைத்துக்கொண்டு, “வரேன்” என்று சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தான். எழவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

அவன் தலை மறைந்ததும் ரத்தினம்மா வாசலில் இருந்த வாளியைத் தூக்கினாள். வீடு கழுவியதில் மிச்சமிருந்த தண்ணீர். அதை வண்டியின் பின் சீட்டில் ஊற்றினாள். கையால் தேய்த்தாள். தையல் இடுக்குகளில் விரலை விட்டுத் தேய்த்தாள். மறுபடி ஊற்றினாள்.

“ஏண்டி ரத்தினம், இது என்ன கூத்து?” என்று பூவம்மா வாசலுக்கு வந்தாள். “எழவு வீட்டுத் தண்ணிய யாராச்சும் வண்டி மேல ஊத்துவாங்களா? உள்ள வா. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“நெனைக்கட்டும்க்கா.”

தண்ணீர் சீட்டிலிருந்து சக்கரத்தில் வழிந்து, ஐந்தடியைத் தாண்டி, கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பைப் பிழிந்து, அன்று அவர் துடைத்ததுபோல் சீட்டை இரண்டு தடவை துடைத்துவிட்டு, அது காயட்டும் என்று ரத்தினம்மா பக்கத்தில் நின்றாள்.